செவ்வந்தி வீட்டின் கடைசிக் காட்சி

மயூர் விஹார், டெல்லி
8.10.2023

அன்புள்ள தங்கச்சி தங்கத்துக்கு,

அண்ணன் நல்லசிவம் எழுதுவது. நானும் உன் மதினி முத்தம்மாவும் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ சுகமா? உன் பிள்ளை பிரதீப் வாங்கிக் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொள்கிறாயா, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயா? போனில் நீ ஒன்று கேட்க நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேருக்கும் இருமல்தான் மிச்சம். நமக்குக் கடிதமே லாயக்கு.

எங்கள் பழம்படக் குழு போன ஞாயிறு பட்டாபி வீட்டில் கூடியது. ஏழு பேர், ஏழு பேரும் ரிட்டயர்டு சர்க்கார் ஆட்கள். மினிட்ஸ் எழுதாமல் எங்களுக்கு டீ இறங்காது. எங்கள் 'மறுபார்வை' புது இதழின் ஜெராக்ஸ் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இருக்கிற ஒரே வெளியூர் உறுப்பினர் நீதான், அதனால் ஒழுங்காகப் படி.

அதில் நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். 'ஒரு மாதத்துக்குள் பார்த்த படத்துக்குத்தான் விமர்சனம்' என்று விதி போட்டவனே நான். ஆனால் 'செவ்வந்தி வீடு' எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எழுபத்தொன்பதில் பார்த்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். கடைசிப் பத்தியை உனக்காக இங்கேயும் காப்பி எடுக்கிறேன்:

'தங்கை கஷ்டப்படுகிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வருகிறான். வாசலுக்கு வந்தால் உள்ளே தங்கை தாலாட்டுப் பாடுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் திரும்பி நடக்கிறான். கட்டிக்கொடுத்த வீட்டில் மூக்கை நுழைக்காத அண்ணன். இத்தனை கண்ணியமான முடிவை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. பத்துக்கு ஒன்பது.'

நீ 'பூட்டிய பீரோ' சீரியலுக்கு எழுதுவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஜல்தி அனுப்பு.

உன் அண்ணன்,
நல்லசிவம்


அம்பாசமுத்திரம்
21.10.2023

அண்ணனுக்கும் மதினிக்கும் தங்கம் வணக்கமாக எழுதுவது.

சுகம். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. மெஷினை மாட்டினால் வலது காதில் விசில் அடிக்கிறது, இடது காதுக்கு எந்த மெஷினும் வேலைக்கு ஆகாது. டி.வி.யைத்தான் கூட்டி வைக்கிறேன். எதிர்வீட்டு அகல்யா என் சீரியலைத் தன் வீட்டிலிருந்தே கேட்டுக் கதை சொல்கிறாள்.

'பூட்டிய பீரோ'வுக்கு என் மார்க்கு நாலு. பதின்மூன்று வாரம் பீரோவைத் திறக்காமல் ஆளை ஏய்த்துவிட்டு, கடைசி வாரத்தில் உள்ளே பழைய பட்டுச்சேலை என்கிறார்கள். சாவியை மாமியார் இடுப்பில் சொருகியிருப்பது முதல் வாரமே தெரிகிறது. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அந்த நாலும் மாமியாராக நடித்த அம்மாவுக்குத்தான். விரிவாகத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன், உங்கள் விமர்சனத்தைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது எந்தப் படம்? 'செவ்வந்தி வீடு' முடிவு அப்படி இல்லையே. அண்ணன் தெருமுனை வரைதான் போகிறான். "பாட்டு கேட்டுது, சந்தோசமாத்தான் இருக்கா" என்கிறான். வண்டிக்காரர், "பாடுறவ எல்லாம் சந்தோசமாவாய்யா பாடுதா?" என்று கேட்கிறார். அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். தங்கை திறக்கிறாள். "பெட்டிய எடு தாயி" என்கிறான். அதோடு படம் முடிகிறது.

இதை எப்படி மறந்தீர்கள்?

இப்படிக்கு,
தங்கம்


டெல்லி
2.11.2023

அன்புள்ள தங்கத்துக்கு,

இங்கே புகை மூட்டம் ஆரம்பித்துவிட்டது. தொண்டையில் எந்நேரமும் ஏதோ கரிகிறது. மற்றபடி சுகம். உன் பீரோ விமர்சனத்தைக் குழுவில் வாசித்தேன். நல்ல வரவேற்பு. பட்டாபி மட்டும் மார்க்கு குறைவு என்று அபீல் செய்திருக்கிறார்.

'செவ்வந்தி வீடு' விஷயத்தில் நீ வேறு ஏதோ படத்தின் வாலைக் கொண்டுவந்து இதில் ஒட்டுகிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அண்ணன் தங்கை படம் வாரத்துக்கு ஒன்று வந்தது, குழம்புவதில் தப்பில்லை. நான் சொல்வதற்குச் சாட்சி இருக்கிறது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எங்கள் தமிழ் நண்பர் கழகம் மாதம் ஒரு ஞாயிறு காலையில் தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடும். பட்டாபிதான் அப்போது செயலாளர். பட்டாபியைச் சேர்க்காமலே குழுவில் நாலு பேர் அதே ஷோவில் இருந்தோம். கேட்டுப் பார்த்தேன். நாலு பேரும் ஒரே குரலில், அண்ணன் திரும்பிப் போகிறான் என்கிறோம். பட்டாபி மட்டும் டீ ஆறுகிறது என்றார்.

அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னதே நீதான், ஞாபகம் இருக்கிறதா? இன்லண்ட் லெட்டரில் எழுதினாய். பார்த்துவிட்டுப் பதிலும் போட்டேன். இப்போது நீயே முடிவை மாற்றினால் நான் எங்கே போவேன்?

வல்லாரை கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
நல்லசிவம்


அம்பாசமுத்திரம்
15.11.2023

அண்ணனுக்கு,

சுகம். மதினி சுகம்தானே?

போன மாதம் ஒரு சேனலில் மதியப் படமாக 'செவ்வந்தி வீடு' போட்டான். நேற்று மறுபடியும் போட்டான். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். அவன் மூன்று தடவை தட்டுகிறான். மூன்றாவது தட்டுக்குத்தான் அவள் திறக்கிறாள். 'பெட்டிய எடு தாயி', இந்த மூன்று வார்த்தைதான், வேறு வசனமே இல்லை. வல்லாரை எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படம் பார்த்துவிட்டுப் பதில் போட்டதாகச் சொல்கிறீர்கள். அதில் எனக்கு என்ன எழுதினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

தங்கம்


டெல்லி
28.11.2023

அன்புள்ள தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. நீ நோட்டில் எழுதி வைத்தாய் என்றால் அது பொய்யாக இருக்காது. நாலு பேர் கண்ணால் பார்த்ததும் பொய் இல்லை. குழுவில் இதே பேச்சுதான். ஒருவர் இரண்டு பிரிண்ட் இருந்திருக்கும் என்கிறார். இன்னொருவர் சென்சார் என்கிறார்.

நான் புலம்பியதைக் கேட்டு மகள் தமிழ்செல்வி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். "அப்பா, சும்மா ஒரு மெமரி டெஸ்ட், டரோ மத், பயப்படாதீங்க" என்றாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அக்கவுண்ட்ஸில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்தவனிடம் போய் இதைக் கேட்கலாமா? டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை கழித்தேன். மூளையில் கோளாறு இல்லையாம். அப்படியென்றால் கோளாறு எங்கே?

நீ கேட்டதற்கு வருகிறேன். வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. நீ எழுதியது: 'இங்கே எல்லோரும் சுகம். செவ்வந்தி வீடு பார்த்தேன். அவசியம் பாருங்கள். அந்த அண்ணன் கடைசியில் செய்தது என் மனதில் நிற்கிறது.' நான் எழுதியது: 'படம் பார்த்தேன். அந்த அண்ணன் செய்ததுதான் சரி. நானாக இருந்தாலும் அப்படியே செய்வேன்.'

என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் தங்கம். உன் மாமியார் பிரித்துப் படிக்காமல் உனக்கு ஒரு கடிதம் வராது, போகாது என்று தெரியும். அதனால் சினிமாவை வைத்து நாசூக்காகச் சொல்கிறாய், 'நான் இங்கே நன்றாக இருக்கிறேன், ஊர்ப்பேச்சைக் கேட்டு வந்து நிற்காதீர்கள்' என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். எண்பத்தைந்தில் பிரதீப் காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும் என்று கூப்பிடும்வரை உன் வாசலை மிதிக்கவில்லை. மாப்பிள்ளை மனது கோணாமல் நடந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

சரியாகத்தானே சொல்கிறேன்?

நல்லசிவம்


டெல்லி
27.12.2023

அன்புள்ள தங்கத்துக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி இல்லை. ஆற்றில் வெள்ளம் என்று டி.வி.யில் பார்த்துப் பதறிவிட்டோம். நீ மாடியில் பத்திரமாக இருப்பதாகப் பெங்களூரிலிருந்து பிரதீப் சொன்ன பிறகுதான் உன் மதினி அடுப்பே மூட்டினாள். தபாலும் வெள்ளத்தில் நின்றிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தபால் ஓடுகிறதாம். அங்கிருந்து தெற்குத் தெரு ஜம்பு போட்ட கடிதம் நேற்று எனக்கு வந்துவிட்டது.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் போன கடிதத்தின் நகலை நாலு தடவை படித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. இந்த மாதக் கூட்டத்துக்குப் பட்டாபியும் வரவில்லை. உடம்பு சரியில்லையாம். எல்லோரும் என்னிடம் எதையோ மறைப்பதுபோல இருக்கிறது.

சுகமா என்று ஒரு வரி எழுது.

நல்லசிவம்


அம்பாசமுத்திரம்
6.1.2024

அண்ணனுக்கு,

சுகம். வெள்ளம் மூன்று படி ஏறி இறங்கிவிட்டது. நான் எழுதாததற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அந்த இன்லண்டில் நான் சொன்னது ஒன்றுதான். வந்து என்னைக் கூட்டிப் போங்கள் என்பது. அம்மா அப்பா இல்லாத எனக்கு வேறு யாரிடம் சொல்வது? நேராக எழுதினால் அத்தை கிழித்துவிடுவாள். அவள் கோயில் படம் தவிர வேறு பார்க்கமாட்டாள், அந்தத் தைரியத்தில் சினிமாவை எழுதினேன். டெல்லியில் படம் பார்க்கும் என் அண்ணனுக்கு அந்தக் கடைசிக் காட்சி போதும் என்று நினைத்தேன்.

உங்கள் பதில் கார்த்திகையில் வந்தது. அத்தையே சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'நானாக இருந்தாலும் அப்படியே செய்வேன்.' நான் கொல்லைப்பக்கம் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன். அன்றைக்கு மதியமே தகரப்பெட்டியில் நாலு சேலையும் அம்மாவின் குங்குமச் சிமிழும் எடுத்துவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திருநெல்வேலி பஸ் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலைக் கூட்டினேன். ஏட்டி, இந்த வாசலில் என்ன புதையலா இருக்கு என்று அத்தை கேட்பாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. பங்குனியில் அவர் கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு நான் வாசல் கூட்டவில்லை.

வருகிறேன் என்று எழுதிவிட்டு நீங்கள் வரவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் அண்ணனுக்குத் தெரியும், தெரிந்தே வரவில்லை. அப்படித்தான் உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், மொய்க்கு அழைத்தேன், விமர்சனம் எழுதி அனுப்பினேன். இப்போது நீங்கள் வேறு முடிவைப் பார்த்தேன் என்கிறீர்கள். நம்பவா வேண்டாமா என்று தெரியவில்லை.

தங்கம்


டெல்லி
19.1.2024

தங்கம்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மூடுபனியில் பட்டாபி வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன். பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"கடைசி டப்பா வரலைய்யா. நான்தான் ஸ்டேஷன்லேந்து ஆட்டோல எடுத்துண்டு வந்தேன். சீட்டுக்குப் பின்னாடி ஒரு ரீல் டப்பாவை விட்டுட்டேன். தியேட்டர்ல வந்து எண்ணினா ஒண்ணு கொறையறது. முன்னூறு பேர் குடும்பத்தோட உக்காந்திருக்கா. என்ன பண்றது சொல்லு. ஆபரேட்டர், இருக்கறதை ஓட்டிடலாம் சாப், யாருக்குத் தெரியப்போறதுன்னான்."

படம் முடிந்ததும் கழகத்தின் 'நன்றி, வணக்கம்' ஸ்லைடு போடுவது எங்கள் வழக்கம். கூடவே அடுத்த மாதப் படமும், வெளியே இட்லிப் பொட்டலம் இருப்பதும் அறிவிப்பார்கள். அன்றைக்கும் அதையே போட்டார்கள். அண்ணன் தெருவில் திரும்பி நடக்கிறான், நன்றி, வணக்கம். நாங்கள் கை தட்டினோம். மறுநாள் ஆட்டோக்காரன் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தானாம். மற்ற டப்பாக்களோடு மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்விட்டது.

"எல்லாரும் நல்ல முடிவு, நல்ல முடிவுன்னு சொல்லிண்டு போனா. அப்புறம் எப்படிய்யா சொல்றது?" என்றார் பட்டாபி. அவரைத் திட்ட வாய் வரவில்லை. அங்கிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை வந்தவன், உன் மதினி எழுதிக் கொடுத்த சாமான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு வந்தேன் என்றே தெரியாமல் நின்றேன்.

ஒன்று கேட்கவேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது. எண்பது பங்குனியில் மாப்பிள்ளை எனக்குக் கார்டு போட்டார். தங்கத்துக்கு விஷக்காய்ச்சல், இடது காது போய்விட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று. அது காய்ச்சல்தானா?

அண்ணன்


அம்பாசமுத்திரம்
10.2.2024

அண்ணனுக்கு,

காய்ச்சல் இல்லை. பெட்டியைப் பார்த்த அன்றைக்கு நடந்தது. ஒரே அடிதான்.

காதுகுத்தின்போது நீங்கள் என் இடப்பக்கம் உட்கார்ந்து, 'சந்தோஷமா இருக்கியா' என்று கேட்டீர்களாம். அன்று சாயங்காலம் மதினி சொல்லித்தான் தெரியும். எனக்கு விழவில்லை. நான் சிரித்துத் தலையாட்டினேனாம்.

அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடைசி மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். அந்தக் கோபம் அதிலேயே கரைந்துவிட்டது. உங்கள் மேல் இருந்ததுதான் கரையவில்லை. இப்போது பட்டாபி டப்பாவை விட்டுவிட்டார் என்கிறீர்கள். நாற்பத்துநாலு வருடக் கோபத்தை முகம் தெரியாத பட்டாபி மேல் தூக்கிப் போடு என்றால் எப்படி அண்ணன் போடுவது? ஆட்டோக்காரன் மேல் போடவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொரியலில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

தங்கம்


டெல்லி
25.2.2024

அன்புள்ள தங்கத்துக்கு,

தமிழ்செல்வி எங்கேயோ தேடி 'செவ்வந்தி வீடு' படத்தைப் பிடித்துவிட்டாள். அவளும் மதினியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். அவன் தெருமுனையில் திரும்பியபோது என்னால் பார்க்க முடியவில்லை. பால்கனிக்குப் போய்விட்டேன். மூன்று தட்டும் அங்கேயே கேட்டது. தமிழ்செல்விக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வரும். உன் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். பிறகு உன் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மதினிதான் நேராகச் சொன்னாள். "ரீலு வராட்டா என்ன, காது போச்சுன்னு கார்டு வந்தப்பமாது போய்ப் பாத்திருக்கலாம்லா" என்றாள். பட்டாபி டப்பாவை விட்டது நிஜம். ஆனால் அந்த முடிவு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். அப்போது எனக்குப் புதுக் கல்யாணம், ஒன்றரை ரூம் குவார்ட்டர்ஸ், புரொபேஷன் வேறு. திரும்பிப் போகிற அண்ணன் எனக்குத் தோதாக இருந்தான். நாற்பத்துநாலு வருடம் எல்லாக் கடிதத்திலும் 'நீ சுகமா' என்று எழுதியிருக்கிறேன். ஒருநாளும் பதிலுக்குக் காத்திருந்து உன்னை அதைக் கேட்டதில்லை தங்கம். அதற்கு மன்னிப்பு என்ற வார்த்தை போதாது, வேறு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

'மறுபார்வை'யில் திருத்தம் போட்டுவிட்டேன்: 'இந்த விமர்சனத்தை எழுதியவர் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை.' பட்டாபியும் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் பதின்மூன்றாம் தேதி நிஜாமுதீனில் வண்டி ஏறுகிறேன். தனியாகத்தான் வருகிறேன். பதினைந்தாம் தேதி திருநெல்வேலியில் இறங்கிப் பஸ் பிடித்து வருவேன். உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உன் வாசலில் வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் எழுது.

அண்ணன்


அம்பாசமுத்திரம்
4.3.2024

அண்ணனுக்கு,

தங்கம் எழுதுவது. மதினிக்கு என் அன்பு. அவள் கேட்ட கேள்விக்காக ஒரு பொட்டலம் சுண்டைவற்றல் எடுத்துவைத்திருக்கிறேன், போகும்போது கொண்டுபோங்கள். தமிழ்செல்வி எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறாள். 'அத்தை' என்பதில் புள்ளி வைக்க மறந்திருக்கிறாள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் எங்கேயும் கிளம்பி வருவதாக இல்லை. இப்போது இது என் வீடு. அந்தத் தகரப்பெட்டி பரணில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு இறக்கித் துடைத்தேன். சேலையெல்லாம் இற்றுப்போய்விட்டது. குங்குமச் சிமிழ் நன்றாக இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. காலையில் போய்விட்டது மாதிரி இருக்கிறது, மதியம் பஸ் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுகிறது. நேரில் பார்த்தால் தெரியும். வாருங்கள்.

திருநெல்வேலி பஸ் இப்போதும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. பகலில் நான் கதவைத் திறந்துதான் போட்டிருப்பேன். பதினைந்தாம் தேதி மட்டும் சாத்தி வைக்கிறேன். மூன்று தடவை தட்டுங்கள். பலமாகத் தட்டவேண்டும் அண்ணன், எனக்கு ஒரு காதுதான் கேட்கும்.

தங்கம்